கூடிருந்தால் அடுத்த சுவர்: சாவன்துர்கா நாள் குறிப்பு

வியாழன், சென்னை

தென்னிந்தியாவில் பாறை ஏறத் தோதான மாதங்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மழை ஓய்ந்திருக்கும், கிரானைட் குளிர்ந்திருக்கும், ஷூ ரப்பர் நன்றாகப் பிடிக்கும். செங்குத்துப் பாறையில் கூடு வைக்கும் பறவைகளும் இதே மாதங்களைத்தான் எடுத்துக்கொள்கின்றன. ஷாஹீன் வல்லூறு (பொரி வல்லூறு இனத்தின் இந்திய வகை), போனெல்லிக் கழுகு, கொம்பன் ஆந்தை, கருங்கழுத்துப் பாறு (பிணந்தின்னிக் கழுகு) எல்லாமே பருவமழை முடியும் சமயத்தில் ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் குஞ்சை வளர்த்துவிடப் பார்ப்பவை. பொங்கல் விடுமுறையில் கயிற்றைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற எல்லோரும் அவற்றின் பிரசவ காலத்தில்தான் போய் நிற்கிறோம்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. டிடிடி பூச்சிமருந்தால் பொரி வல்லூறு முட்டைகளின் ஓடு மெலிந்து இனமே அருகிப்போயிருந்த காலம். 1978-இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் எல் கேப்பிட்டன் சுவரில் ஒரு கூடு இருப்பதைக் கண்டுபிடித்தவர்களே பாறை ஏறுபவர்கள்தான். இன்று அங்கே கூடு இருக்கும் பாதைகளைப் பெரும்பாலும் மார்ச் 1 முதல் ஜூலை 15 வரை மூடுகிறார்கள். கலிஃபோர்னியாவின் பின்னக்கிள்ஸ் பூங்காவில் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். எந்தப் பாறை, எந்தப் பாதை, எது வரை என்பதைப் பூங்கா நிர்வாகமே அறிவிக்கும். மூடியிருக்கும்போது வேறு பாறைக்குப் போய்விட்டு, இலையுதிர் காலத்தில் திரும்பி வந்து ஏறிக்கொள்ளலாம்.

நமக்கு அப்படித் தள்ளிப்போட வழியில்லை. கூடு காலியாகும்போது ஏப்ரல், மே ஆகிவிடும். மே மாதப் பகலில் நாங்கள் போகும் கர்நாடகத்து ராமநகரப் பக்கத்துப் பாறை தோசைக்கல்தான். ஆகவே இங்கே மாதத்தை மாற்ற முடியாது, சுவரைத்தான் மாற்ற வேண்டும். ஒரே பாதையை மனதில் வைத்துக்கொண்டு போனால், அங்கே கூட்டைப் பார்த்த பிறகும் 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே' என்று கை அரிக்கும். குறைந்தது இரண்டு சுவர், முடிந்தால் மூன்று, கையில் இருக்கட்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதன் வரையறைக்குள்ளேயே பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வருகிறது. பொரி வல்லூறும் பாறுகளும் முதல் அட்டவணையில் இருப்பவை. 'தெரியாமல் பக்கத்தில் போய்விட்டோம்' என்பது வனத்துறை அலுவலகத்தில் எடுபடாது.

ராமநகரத்தின் ராமதேவர பெட்டா 2012-இல் பாறுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம், 346 ஹெக்டேர் சொச்சம். அதை எங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. இந்தப் பயணம் அதே கிரானைட் வட்டாரத்தில் இருக்கும் சாவன்துர்காவுக்கு. எந்தச் சுவரில் கூடு பார்த்தோம், எந்தப் பாதையில் ஏறினோம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. பாதையின் பெயரைச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் கூட்டைக் கேமராவோடு தேடி வர ஆள் இருக்கிறார்கள். ஏற விரும்புகிறவர்கள் பெங்களூரு ஏறுநர்களிடம் பாதை வரைபடம் கேட்டால் கிடைக்கும். அந்த வருடம் எங்கே கூடு என்பதும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இனி மூட்டை. கயிறு: 60 மீட்டர் நீளத்தில் இரண்டு, 8.5 மி.மீ. பருமனுள்ள ஹாஃப் ரோப் (இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தும் மெல்லிய கயிறு). ஒற்றைக் கயிறாக 9.8 மி.மீ. ஒன்று மட்டும் எடுத்துப் போனால் ஏறுவதற்குப் போதும், இறங்குவதற்குப் போதாது. ராப்பல் (கயிற்றில் தொங்கி இறங்குவது) செய்யும்போது கயிற்றை இரண்டாக மடிப்பதால் ஒற்றைக் கயிறு 30 மீட்டர்தான் தரும். இரண்டைக் கட்டினால் முழு 60. பிட்சுகள் (ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரை ஏறும் துண்டுகள்) 45, 50 மீட்டர் நீளம் இருக்கும் சுவரில் பாதியில் திரும்ப வேண்டி வந்தால் இந்த வித்தியாசம்தான் காப்பாற்றும்.

பாரிமுனைக் கயிற்றுக் கடைகளில் 10 மி.மீ. நைலான் கயிறு மலிவாகக் கிடைக்கும். அது பாரம் கட்ட நல்ல கயிறு, முன்னேறி (கயிற்றின் முதல் ஆளாக) ஏறுவதற்கு உதவாது. ஏறும் கயிறு இழுபட்டு நீண்டு விழுகையின் அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒற்றைக் கயிறு என்றால் 80 கிலோ எடையை விழவிட்டு முதல் அடி 12 கிலோநியூட்டனுக்கு மேல் போகக்கூடாது, குறைந்தது 5 விழுகை தாங்க வேண்டும் என்று சோதித்துத்தான் முத்திரை குத்துகிறார்கள். ஹாஃப் ரோப்புக்கு அதே சோதனை 55 கிலோவில், 8 கிலோநியூட்டன் வரம்பில். கட்டடச் சுவரில் தொங்கி வண்ணம் அடிப்பவர்களின் ஸ்டாடிக் கயிறும் இதற்கு ஆகாது. அது நீளாது, அடி முழுவதும் இடுப்புக்கும், பாறையில் துளையிட்டு அடித்த போல்ட்டுக்கும் போகும்.

மற்றவை: குவிக்டிரா (போல்ட்டில் மாட்டி அதன் வழியாகக் கயிற்றை விடும் இரட்டைக் கொக்கி) 12. 60 செ.மீ. ஸ்லிங் (பட்டை வளையம்) 4, 120 செ.மீ. ஸ்லிங் 2. ஆங்கர் (பிட்ச் முடிவில் ஆளையும் கயிற்றையும் பாறையோடு கட்டும் இடம்) கட்ட 7 மி.மீ. துணைக்கயிறு 6 மீட்டர். ஆளுக்கு நான்கு பூட்டுக் கேரபினர் (கதவுள்ள உலோகக் கொக்கி). மேலிருந்து இரண்டாமவரைப் பிடிக்கத் தானே பூட்டிக்கொள்ளும் வகை பிலே தகடு (பிலே என்பது ஏறுபவர் விழுந்தால் நிறுத்தக் கயிற்றைப் பிடிப்பது) ஆளுக்கு ஒன்று. 6 மி.மீ. கயிற்றில் கட்டிய புரூசிக் வளையம் (பாரம் விழுந்தால் கயிற்றை இறுகப் பிடிப்பது) ஆளுக்கு இரண்டு. ஹெல்மெட், தலைவிளக்கு, சின்னக் கத்தி. விட்டுவிட்டு வருவதற்கென்றே திருகு மூடியுள்ள 8 மி.மீ. எஃகு இணைப்பு வளையம் மூன்று. விரிசலில் செருகிப் பிடிக்கவைக்க நடுத்தர அளவு கேம் மூன்று, நட் ஒரு செட். ஸ்லாப் (சாய்ந்த வழவழப்பான பாறை) பாதையில் இவை பெரும்பாலும் சும்மா தொங்கும், ஆனால் போல்ட் உடைந்திருக்கும் இடத்தில் ஒரே ஒரு விரிசல் கிடைத்தாலும் அங்கே கேம் பேசும். தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். பறவைக்காக 8×42 பைனாகுலர் ஒன்று, அது சாமான் பட்டியலில் கயிற்றுக்கு அடுத்த வரியில்.

ரயிலில் கேஸ் சிலிண்டர் கொண்டுபோகக் கூடாது, சின்ன முகாம் அடுப்பின் சிலிண்டரும் அதில் அடக்கம். சமையல் திட்டம் வேண்டாம். புளியோதரையும் எலுமிச்சை சாதமும் ஒரு நாள் தாங்கும்.

சென்னை ஏறுநர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உப்புக்காற்று. திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் பால்கனியில் தொங்கவிட்ட அலுமினியக் கேரபினரில் சில மாதங்களிலேயே வெள்ளைப் பொடி பூக்கும், கதவின் ஸ்பிரிங் இறுகும். கிளம்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் விரலால் திறந்து விடுங்கள். தானாக 'டக்' என்று மூடாததை நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, கீலில் உலர் மசகு ஒரு சொட்டு. அப்போதும் மூடவில்லை என்றால் அது சாவிக்கொத்துக்குத்தான்.

வெள்ளி, சாவன்துர்கா அடிவாரம்

சென்ட்ரலில் இரவு ரயில் ஏறினால் விடியலில் பெங்களூரு. அங்கிருந்து மாகடி பேருந்து, பிறகு ஆட்டோ. நகரத்துக்கு மேற்கே ஏறத்தாழ 50 கி.மீ. பொங்கல் சமயத்தில் ரயில் இடம் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும். பேருந்தில் போவதானால் 60 மீட்டர் கயிற்றுப் பையை மடியில் வைக்கப் பழகிக்கொள்ளுங்கள், மேலே போட்டால் யாராவது எண்ணெய் டின்னை அதன்மேல் வைப்பார்கள்.

சாவன்துர்கா கடல் மட்டத்திலிருந்து 1226 மீட்டர். கரிகுட்டா, பிளிகுட்டா என்று இரண்டு குன்றுகள். அடிவாரத்தில் வீரபத்ரர் கோயிலும் நரசிம்மர் கோயிலும். நடந்து ஏறும் கூட்டம் போகும் தடம் வேறு, கயிறு கட்டும் சுவர்கள் வேறு. அனுமதி முதலில். வனத்துறை நடைபயணத்துக்குத் தரும் சீட்டு பாறை ஏறுவதற்கும் செல்லும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கயிறு, இரும்புச் சாமான் எல்லாவற்றையும் காட்டி, எந்தச் சுவர் என்று சொல்லிக் கேளுங்கள். கூடு எந்தப் பக்கம் என்பது சில சமயம் அந்த உரையாடலிலேயே வந்துவிடும். ஆடு மேய்ப்பவர்களிடமும் தேன் எடுப்பவர்களிடமும் கேட்டால் இன்னும் துல்லியம். கன்னடம் தெரியாவிட்டால் பாதகமில்லை, 'ஹத்து' (haddu) என்றால் பருந்து வகை, அதைச் சொல்லி மேலே கை காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

மாலை நான்கு மணிக்கு முதல் சுவருக்கு எதிரே, சுமார் 400 மீட்டர் தள்ளி உட்கார்ந்தோம். அதற்குக் கிட்டே போய்ப் பார்ப்பதில் பயனில்லை. அண்ணாந்து பார்த்தால் கூடு இருக்கும் பாறைப் படியின் விளிம்புதான் தெரியும், பறவையும் நம்மைப் பார்த்து வேலையை நிறுத்திவிடும்.

எச்சக் கோடு முதல் தடயம். புதியது சுண்ணாம்பு அடித்த மாதிரிப் பளிச்சென்று இருக்கும், கீழ் நோக்கிக் கூர்மையாக வழிந்திருக்கும். பழையது சாம்பல் நிறமாகி, ஓரத்தில் பாசி படர்ந்திருக்கும். மாடப்புறாவும் வெள்ளையடிக்கும், ஆனால் அது பரவலாக, பல பொந்துகளில். ஒரே படியின் கீழே அடர்த்தியாக ஒரு கொத்து இருந்தால் பெரிய பறவை. பாறுகள் கூட்டமாக இருக்கும் இடத்தில் சுவரே வெளுத்திருக்கும். பாறை அடியில் பிய்த்துப்போட்ட புறா இறகும் பச்சைக்கிளி இறகும் கிடந்தால் மேலே ஷாஹீன் சாப்பிடும் இடம் இருக்கிறது.

ஆனால் எச்சம் மட்டும் கூடு ஆகாது. இரவு தங்கும் இடமாகவும் இருக்கலாம். பறவை என்ன செய்கிறது என்பதுதான் தீர்ப்பு. இரையோடு வந்து ஒரே படிக்குள் மறைகிறதா? ஆண் இரையைக் கொண்டுவந்து வானத்திலேயே பெண்ணிடம் கைமாற்றுகிறதா? ஒன்று உள்ளே போனதும் இன்னொன்று வெளியே வருகிறதா? அடைகாக்கும் முறை மாறுவது அப்படித்தான் இருக்கும். மாலையில் இரண்டு மணி நேரம், மறுநாள் காலையில் இரண்டு மணி நேரம், இரண்டும் வேண்டும். ஒரு வேளை மட்டும் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று சொல்ல முடியாது. அடைகாக்கும் பறவை மணிக்கணக்கில் அசையாமல் இருக்கும்.

இன்று மாலை ஒரு ஷாஹீன் ஒரே படிக்கு இரண்டு முறை வந்தது.

சனி

காலை ஆறரைக்கே அதே இடம். முறை மாறுவதைப் பார்த்தாயிற்று. முதல் சுவர் இந்த வருடத்துக்கு முடிந்தது, இரண்டாம் சுவருக்கு மாறுகிறோம். நடுவே ஒரு முழு விலா (துருத்தி நிற்கும் பாறை முகடு) இருக்கிறது, அங்கிருந்து படி கண்ணுக்குத் தெரியாது. தூரத்தைவிட இந்த மறைப்புதான் முக்கியம். தனக்கு மேலே மனிதன் தெரிந்தால் பறவைக்குக் கலக்கம் அதிகம், கீழே நடப்பவனை அது அவ்வளவு பொருட்படுத்தாது. பாறை ஏறுபவன் மேலேயும் வருகிறான், நேர் எதிரேயும் வருகிறான், மணிக்கணக்கில் அங்கேயே தொங்கவும் செய்கிறான்.

கலைத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: பொரி வல்லூறு இனம் 3, 4 முட்டை இட்டு ஒரு மாதம் போல அடைகாக்கும். குஞ்சு பறக்க இன்னும் ஆறு வாரம். அடைகாக்கும் பறவை எழுந்து சுற்றிக்கொண்டிருந்தால் விடிகாலையில் முட்டை குளிரும், பத்து மணிக்கு மேல் வெந்துவிடும். நம் ஊர் வெயிலில் இரண்டாவதுதான் சீக்கிரம் நடக்கும். காக்கை வந்து கொத்த இடைவெளி போதும். வளர்ந்த குஞ்சாக இருந்தால் பயந்து பறக்கத் தெரியாமலேயே குதிக்கும். கருங்கழுத்துப் பாறு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும், அடைகாக்கவே ஏறத்தாழ 50 நாள். அது போனால் அந்த வருடம் போச்சு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலிமருந்தால் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோன இனம். அந்த மருந்தைக் கால்நடைக்குத் தருவது 2006-இல் தடை செய்யப்பட்டது. இன்னும் மீளவில்லை.

சென்னைக்காரர்களுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. திருக்கழுக்குன்றத்து மலையில் தினமும் உச்சிவேளையில் பொங்கல் உண்ண வந்த இரண்டு கழுகுகளும் மஞ்சள்முகப் பாறுகள்தான். 1998-க்குப் பிறகு அவை வரவில்லை.

வேலைக்கு வருவோம். சனி பகல் முழுதும் இரண்டாம் சுவரின் அடியில் சோதனை. அங்கும் மேலே சொன்ன பார்வையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். கூடவே மலைத்தேனீ. தென்னிந்தியப் பாறைகளில் விழுந்து சாவதைவிடத் தேனீக்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுகிறோம். நிழலாக முன்னே நீட்டித் தொங்கும் பாறைக்கு அடியில் அரைவட்டக் கறுப்புத் தட்டுகள் தெரிந்தால் அந்தச் சுவர் வேண்டாம். பறவையைப் போல அது எச்சரித்துவிட்டுப் போகாது. கழுகோ தேன்பருந்தோ கூட்டைத் தாக்கினாலும் கோபம் நம்மீது இறங்கும். வாசனைத் திரவியம், புகை, உரத்த சத்தம் மூன்றும் கூடாது. தேனீ வந்துவிட்டால் பிலே பிடிப்பவர் கையை விட முடியாது, ஓடவும் முடியாது. அதனால் பிலேயை ஒரு நொடியில் கட்டிப்போடும் முடிச்சு, ஒற்றைக் கையால், கண்ணை மூடிக்கொண்டு வர வேண்டும். சட்டைக் கழுத்துப் பட்டனும் முகத்தை மூட ஒரு துண்டும் இருக்கட்டும். கொட்டு பல விழுந்து மூச்சு திணறினால் மாத்திரையை நம்பாமல் 108.

போல்ட் சோதனை. இந்தப் பக்கம் பழைய பாதைகளில் வயதான போல்ட்டுகள் நிறைய. ஹேங்கரை (போல்ட்டில் மாட்டிய எஃகுக் காதை) கையால் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால் நட்டு தளர்ந்திருக்கிறது, பெரும்பாலும் ஸ்பேனரால் சரியாகும். போல்ட்டே துளைக்குள் ஆடினால் அது இல்லை என்றே கணக்கு. கீழே துருக் கோடு வழிந்திருந்தால் உள்ளே நீர் போகிறது. சின்னச் சுத்தியலால் பாறையைத் தட்டினால் 'டங்' என்று கணீரென வர வேண்டும். 'தொப்' என்று வந்தால் அந்தப் பாறைச் செதில் பெயரும். போல்ட் 10 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் ஆங்கருக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

மாலையில் ஆங்கர் பயிற்சி. இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவில் ஸ்லிங் விரியும் கோணம் 60 டிகிரிக்குள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பாரத்தில் 58 சதவீதம்தான் போகும். 90 ஆனால் 71. 120 ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் முழுப் பாரத்தைத் தாங்கும், இரண்டு போட்டதன் பயனே போய்விடும். குட்டை ஸ்லிங்கை இழுத்துப் பொருத்துகிறவர்கள் செய்யும் தவறு இதுதான். நீளமான துணைக்கயிற்றை எடுங்கள்.

ஞாயிறு, சுவரில்

ஜனவரி நடுவில் இங்கே சூரியன் ஏழுக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது, ஆறேகாலுக்குப் போகிறது. பாதை ஏழு பிட்ச், கடினம் அமெரிக்க அளவுகோலில் 5.7 முதல் 5.9 வரை, எல்லாமே சாய்ந்த ஸ்லாப். இருவர் ஏறினால் பிட்சுக்கு 40 முதல் 45 நிமிடம் என்று கணக்கிடுங்கள், ஐந்து மணி நேரம் ஆகும். ஏழரைக்குத் தொடங்கினால் பாறை சூடேறும் முன் மேல் பாதிக்கு வந்துவிடலாம். மூன்றாமவர் கீழே பைனாகுலரோடும் செல்போனோடும். முதல் சுவர்ப் பக்கமிருந்து பறவை கிளம்பி எங்கள் மேல் சுற்றினால் சொல்வது அவர் வேலை. சுவரில் இருப்பவனுக்குப் பாதமும் அடுத்த போல்ட்டும்தான் தெரியும்.

திரும்பும் நேரத்தைத் தரையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். எங்கள் வரம்பு நான்காம் பிட்ச் முடிவு, பத்தரை மணி. காரணம் ஐந்தாவது பிட்ச் வலப்புறமாக நகரும் டிராவர்ஸ். அதைத் தாண்டிய பின் ராப்பல் செய்தால் கயிறு நேராகக் கீழே விழும், ஆங்கரோ இடப்பக்கம் 15 மீட்டர் தள்ளி இருக்கும். நான்கு வரை திரும்புவது எளிது, ஐந்துக்கு மேல் உச்சிக்குப் போய் நடந்து இறங்குவதுதான் எளிது.

முதல் பிட்ச் 45 மீட்டர், போல்ட் ஐந்து. முதல் போல்ட் தரையிலிருந்து எட்டு மீட்டர் உயரத்தில். அது வரை கீழிருப்பவர் பிலே பிடிப்பதில் அர்த்தமில்லை, இரண்டு கையையும் உயர்த்தி முதுகைத் தாங்க நிற்பது மட்டுமே செய்யக்கூடியது. ஸ்லாப்பில் பிடிமானம் என்று ஒன்றும் கிடையாது. குதிகாலைத் தாழ்த்தி, இடுப்பைப் பாறையிலிருந்து வெளியே தள்ளி, எடை முழுவதும் பாதத்தின் முன்பகுதியில். பயம் வந்தால் உடம்பு தானாகப் பாறையை அணைக்கும், அணைத்த கணத்தில் கால் வழுக்கும். அடி சின்னதாக வையுங்கள். நீர் வழிந்த கறுப்புக் கோடுகளில் காலை வைக்காதீர்கள், காய்ந்தது போல் தெரியும் பாசி ஷூவுக்கு அடியில் பொடியாகும். மழை பெய்தால் இரண்டு முழு நாள் விட வேண்டும்.

போல்ட்டுக்கு மேல் ஆறு மீட்டர் போய் வழுக்கினால் பன்னிரண்டு மீட்டரும் கயிற்றின் நீட்சியும் சறுக்கல். கிரானைட் மணல்தாள், உள்ளங்கைத் தோல் போகும். முழுக்கால் பேன்ட் அதனால்தான். இதைவிட மோசமான இடம் ஒவ்வொரு பிட்சின் தொடக்கமும். ஆங்கரில் இருந்து கிளம்பியவர் முதல் போல்ட்டைத் தொடுமுன் விழுந்தால், ஆங்கரைத் தாண்டி அதே தூரம் கீழே போவார். மூன்று மீட்டர் கயிறு, ஆறு மீட்டர் விழுகை, விழுகைக் காரணி (விழுந்த தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுத்தது) 2. நீளத்தில் சின்ன விழுகை, அடியில் மிகப் பெரியது. அது நேராகப் பிலே பிடிப்பவரின் இடுப்பிலும் ஆங்கரிலும் விழும். அதனால் ஆங்கரின் மேல் போல்ட்டிலேயே ஒரு குவிக்டிரா மாட்டி அதன் வழியாக முன்னேறுபவரின் கயிற்றை விடுகிறோம்.

கைமாற்றும் வரிசை இப்படி. முன்னேறியவர் ஆங்கருக்கு வந்ததும் முதலில் தன்னைக் கட்டிக்கொள்வார். பிறகு துணைக்கயிற்றில் ஆங்கர். பிறகு கயிற்றை இழுத்து, மிச்சம் தீர்ந்ததும் பிலே தகட்டைத் தானே பூட்டும் முறையில் மாட்டுவார். அதை ஒரு முறை கீழ்நோக்கி உலுக்கிப் பூட்டுகிறதா என்று பார்த்த பிறகே அழைப்பு. இரண்டாமவர் ஏறி வர வர, மேலே இருப்பவர் கயிற்றைத் தன் இடுப்பிலிருந்து ஆங்கருக்குப் போகும் கயிற்றின் மேல் குறுக்காக மடித்துப் போட வேண்டும், கீழே தொங்கவிட்டால் ஸ்லாப்பில் எந்தச் செதிலிலாவது மாட்டும். அடுத்த பிட்சை இரண்டாமவரே முன்னேறப் போகிறார் என்றால் முதல் மடிப்பு நீளம், போகப் போகக் குட்டை. அவருடைய முனைதான் மேலே இருக்கும், குட்டை மடிப்பு நீளமானதில் சிக்காமல் உருவி வரும். அதே ஆள்தான் மறுபடி முன்னேறுகிறார் என்றால் குட்டையில் தொடங்கி நீளத்தில் முடித்து, மொத்தக் குவியலையும் இரண்டாமவர் மடிக்குப் புரட்டிப் போட வேண்டும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்யாதவர்கள் பிட்சுக்குக் கால் மணி நேரம் சிக்கெடுப்பார்கள், ஏழு பிட்சுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அழைப்புகளைக் குறைத்தோம், கத்தினால் பறவைக்கும் தேனீக்கும் ஆகாது. 45 மீட்டருக்கு அப்பால் காற்றில் 'ஸ்லாக்' (கயிறு விடு), 'டைட்' (இறுக்கு) இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். கயிற்றை மூன்று முறை நிதானமாக இழுத்தால் 'நான் கட்டிக்கொண்டேன், பிலேயை எடுக்கலாம்.' மறுபடி மூன்று இழுப்பு, 'நீ ஏறலாம்.' சந்தேகம் வந்தால் பிலேயை எடுக்காமல் கயிறு தீரும் வரை விட்டுக்கொண்டே இருங்கள். கத்துவதற்கு உரிமை உள்ள ஒரே சொல் 'கல்!'

இரண்டு, மூன்று பிட்சுகளில் சொல்ல ஒன்றுமில்லை, தொடர்ந்து ஸ்லாப். நான்கில் வெள்ளைக் குவார்ட்ஸ் பட்டை குறுக்கே ஓடுகிறது. அதன் விளிம்பில் விரல் நுனி மாட்டும், இந்தப் பாதையின் ஒரே நல்ல பிடி. தட்டிப் பார்த்துத் தொங்குங்கள், இரண்டு துண்டு ஆடுகிறது. பத்து மணிக்கு முன்பே நான்காம் ஆங்கர்.

டிராவர்ஸில் முன்னேறுபவரைவிட இரண்டாமவருக்குத்தான் ஆபத்து. அவருக்குக் கயிறு மேலிருந்து வராது, பக்கத்திலிருந்து வருகிறது. போல்ட்டைக் கழற்றிய பின் வழுக்கினால் ஊஞ்சலாகப் போய் எங்காவது மோதுவார். அதனால் முன்னேறுபவர் கடினமான அசைவுக்கு முன்னும் உடனே பின்னும் போல்ட் மாட்ட வேண்டும், தனக்குத் தேவையில்லை என்று தோன்றினாலும். இரண்டு ஹாஃப் ரோப்பில் ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே பிரித்து மாட்டினால் இன்னும் நல்லது. இந்தப் பிட்சில் 60 செ.மீ. ஸ்லிங்குகள் நான்கும் போய்விடும், குட்டைக் குவிக்டிரா மாட்டினால் கயிறு வளைந்து வளைந்து இழுக்கவே முடியாமல் போகும்.

ஐந்தாம் ஆங்கரில் இருந்தபோது கீழிருந்து போன்: ஒரு போனெல்லிக் கழுகு மேற்கிலிருந்து வருகிறது. வந்தது, எங்களுக்கு மேலே ஒரே வட்டம், குரலில்லை, போய்விட்டது. கடந்து போகும் பறவைக்கு நாம் நகர வேண்டியதில்லை. வல்லூறு 'கெக் கெக் கெக்' என்று விடாமல் கத்தி நம் தலைக்கு மேலேயே வட்டமிட்டால், அல்லது சிறகை மடக்கிப் பாய்ந்தால், அங்கே நமக்குத் தெரியாத கூடு இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்குள் அந்தச் சத்தம் அடங்கவில்லை என்றால் மேலேயோ கீழேயோ, எது சீக்கிரமோ அந்தப் பக்கம் விலகுங்கள். படம் எடுக்க நிற்கக் கூடாது.

கீழே விலகுவதானால்: பழைய போல்ட்டில் கயிற்றை நேரடியாகக் கோக்காதீர்கள், ஹேங்கரின் கூர் விளிம்பு அறுக்கும். எஃகு வளையத்தைத் திருகி மாட்டி அதன் வழியாக. இரண்டு கயிற்றையும் தட்டையான ஓவர்ஹேண்ட் முடிச்சில் கட்டுங்கள், வால் 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது, நான்கு இழையையும் தனித்தனியாக இழுத்து இறுக்குங்கள். எந்த நிறத்தை இழுக்க வேண்டும் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு முனையிலும் முடிச்சு, தகட்டுக்குக் கீழே புரூசிக். ஸ்லாப்பில் கயிற்றை வீசினால் பத்து மீட்டரில் குவிந்து கிடக்கும். மடித்து ஸ்லிங்கில் போட்டு இரு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினால், இறங்க இறங்க அதுவாக உருவிக்கொள்ளும்.

ஆறும் ஏழும் சரிவு குறைந்து நடக்கிற மாதிரி ஆகிவிடும். இங்கேதான் கவனம் சிதறி, கயிற்றைக் கழற்றிவிட்டு நடப்பார்கள். உருண்டையான பாறைக்கு விளிம்பு கிடையாது, எங்கே செங்குத்து ஆரம்பிக்கிறது என்பது காலுக்குத் தெரியும்போது நேரம் கடந்திருக்கும். புதர் தொடங்கும் இடம் வரை கயிறு இருக்கட்டும்.

பன்னிரண்டரைக்கு மேலே. இறக்கம் நடைபயணத் தடத்தில். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அது சந்தை. ஏறும் ஷூவைக் கழற்றி நடக்கும் ஷூ மாட்டுங்கள், அதற்காகத்தான் அதை இடுப்பில் தொங்கவிட்டு ஏழு பிட்ச் சுமந்தது. அம்புக்குறிகளை விட்டு விலகினால் இன்னொரு ஸ்லாப்பின் தலையில் போய் நிற்பீர்கள். கரடியும் சிறுத்தையும் உள்ள காடு, நாலு மணிக்குமேல் தனியாக இறங்க வேண்டாம்.

திங்கள், சென்னை

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழல்தான் எங்கள் பட்டறை. கயிற்றை முழு நீளத்துக்கும் விரல்களுக்கு நடுவே இழுத்துப் பாருங்கள். எங்காவது மெத்தென்று தட்டையானால், அல்லது வளைத்தால் கூர்மையாக மடிந்தால் உள் இழை போயிருக்கிறது. முனையிலிருந்து ஓரிரு மீட்டருக்குள் என்றால் வெட்டிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் வெட்டிய நீளத்தைப் பையில் எழுதி ஒட்டுங்கள், நடுக்குறியும் இடம் மாறிவிட்டது என்பதையும். நடுவில் என்றால் மொத்தமும் போச்சு. வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, நிழலில் இரண்டு நாள். டிடர்ஜென்ட் தூள் கூடாது. சென்னை ஈரத்தில் மூடிய பையில் வைத்தால் பூஞ்சை வாடை வரும், பையைத் திறந்தே அலமாரியில் வையுங்கள். வண்டி பேட்டரி, பாத்ரூம் அமிலம் இரண்டுக்கும் பக்கத்தில் நைலான் இருக்கக் கூடாது, ஆவி பட்டாலே இழை வெளியில் தெரியாமல் பலவீனமாகும்.

டைனீமா (நைலானைவிட மெல்லிய ஒரு செயற்கை இழை) ஸ்லிங்குகளைத் தனியாகப் பாருங்கள். அவை ஏறத்தாழ 145 டிகிரியிலேயே உருகிவிடும், நைலான் 200-க்கு மேல் தாங்கும். கயிறு உராய்ந்த இடத்தில் வழவழப்பான பளபளப்பு தெரிந்தால் குப்பை.

கூட்டைப் பற்றிய தகவலை வனத்துறைக்கும் அந்தச் சுவரில் வழக்கமாக ஏறும் பெங்களூரு குழுவுக்கும் இன்றே அனுப்பிவிட்டோம். இனம், தேதி, நேரம், எந்தப் பாதையின் எத்தனையாவது பிட்ச் உயரம், என்ன நடத்தை பார்த்தோம், எவ்வளவு தூரத்திலிருந்து. இவ்வளவு போதும். ஜிபிஎஸ் பதிந்த புகைப்படத்தைக் குழுக்களில் போட வேண்டாம், செல்போன் படத்தில் இடக்குறிப்பு தானாக ஒட்டியிருக்கும், அணைத்துவிட்டு எடுங்கள். பிப்ரவரியில் யாராவது அதே பக்கம் போவதாக இருந்தால், குஞ்சு பொரித்திருக்கிறதா என்று அதே 400 மீட்டரிலிருந்து பார்த்துச் சொல்லுங்கள். முதல் சுவர் மே வரை எங்கள் பட்டியலில் இல்லை.